தமிழ் சொல்லிக்கொடுக்க நான்கு வழிகள்: மலையாளிக்கு எது, வெளிநாட்டாருக்கு எது?

பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் பக்கம் தமிழை வீட்டுமொழியாகக் கொண்டவர்களில் சிலர் தமிழ் டியூஷன் எடுக்கிறார்கள். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் சேரப்போகும் மலையாளி நர்ஸ் வருகிறார். பொள்ளாச்சிக் கிளைக்கு மாற்றலான பேங்க் ஊழியர் வருகிறார். எல்லை தாண்டிக் கல்யாணமாகி வந்த மருமகள் வருகிறாள். இணையம் வழியாக எங்கோ ஒரு நாட்டில் இருக்கும் ஆளும் வருகிறார். சொல்லிக்கொடுப்பவர்களிடமிருந்து வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "எனக்குத் தமிழ் தெரியும், ஆனால் இலக்கணத்தை எப்படி ஆரம்பிப்பது? ஸ்கூல் புத்தகத்தை எடுக்கவா, பேசவிட்டே பழக்கவா?"

இந்தச் சிக்கல் தமிழுக்கு மட்டும் உரியதல்ல. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் வெளிநாட்டு மாணவர் முன்னால் போய் நின்றாலும் இதே கதைதான். 'ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே' என்பது தவறு என்று அவர் காது உடனே சொல்லிவிடும். ஏன் தவறு என்று கேட்டால் திணறுவார். 'பிக் ரெட் பஸ்' சரி, 'ரெட் பிக் பஸ்' ஏன் சரியில்லை என்று அவர் வாழ்நாளில் யோசித்தே இருக்க மாட்டார். அதனால்தான் ஆங்கிலம் கற்பிக்க விரும்பும் ஆங்கிலேயரும் செல்டா என்ற ஆங்கில ஆசிரியர் பயிற்சி மாதிரி 120 மணிநேரப் பயிற்சிக்குப் போகிறார்கள். தமிழுக்கு அந்த மாதிரி ஊருக்கு ஊர் பயிற்சி கிடைப்பதில்லை. நாமேதான் வழியைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

உங்கள் நிலையைத் தெரிந்துகொள்ள ஒரு சின்னப் பரீட்சை. "புத்தகம் வாங்கினேன்", "புத்தகத்தை வாங்கினேன்" இரண்டுக்கும் என்ன வேறுபாடு? "எனக்கு ரெண்டு பிள்ளைங்க" என்கிறோம், "என்கிட்ட ரெண்டு ரூபாய் இருக்கு" என்கிறோம். ஏன் மாற்றிச் சொல்வதில்லை? "அவன் போனான்", "அவன் போயிட்டான்" ஒன்றா? பதில் நாக்கு நுனியில் நின்றுகொண்டு வெளியே வராவிட்டால் பயப்பட வேண்டாம், பெரும்பாலோர் நிலை அதுதான். ஆனால் மாணவர் கேட்கப்போவது இந்தக் கேள்விகளைத்தான்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலாவது, "ஏன்?" என்ற கேள்விக்கு அந்த வழியில் பதில் கிடைக்கிறதா என்பது. இரண்டாவது, மாணவர் எவ்வளவு சீக்கிரம் வாய் திறக்கிறார். மூன்றாவது, வாசிக்கவும் தேர்வு எழுதவும் கை கொடுக்குமா. நான்காவது, உங்கள் தயாரிப்பு உழைப்பு. கட்டணம் பேசும்போது பலரும் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. வகுப்பு ஒரு மணிநேரம்தான், அதற்கு முந்தின இரவு போனது எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. ஐந்தாவது, வகுப்பு நின்ற பிறகு மாணவரிடம் என்ன தங்குகிறது: சரியான பழக்கமா, திருத்தவே முடியாத பிழையா?

ஐந்தும் எல்லோருக்கும் ஒரே எடை கிடையாது. நர்ஸுக்கு இரண்டாவதுதான் உயிர். தமிழ்நாட்டு அரசு வேலைக்காகத் தமிழ்த் தேர்வு எழுத வேண்டியவருக்கு மூன்றாவது.

## வழி ஒன்று: பள்ளி இலக்கணம்

எழுத்து, சொல் என்று தொடங்கி, பெயர், வினை, எட்டு வேற்றுமை, பகுதி விகுதி இடைநிலை சந்தி சாரியை விகாரம் என்று போகும் வழி. கையில் புத்தகம் இருக்கிறது, வரிசை இருக்கிறது, நாமும் அப்படித்தான் படித்தோம். அதனால் முதலில் கை அதன்மேல்தான் போகும்.

இதில் ஒரு அடிப்படைக் கோளாறு உண்டு. நன்னூல் வழி வந்த இந்த இலக்கணம் ஏற்கெனவே தமிழ் பேசுகிறவருக்காக எழுதப்பட்டது. பேசத் தெரிந்தவன் தன் பேச்சைப் பிரித்துப் பார்க்க அது உதவும். பேசத் தெரியாதவனைப் பேசவைக்க அது உருவாகவில்லை. மேலே கேட்ட "புத்தகம் வாங்கினேன்" என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளி இலக்கணம் அதை இரண்டாம் வேற்றுமைத் தொகை என்று பெயர் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். உருபு எப்போது மறையலாம், எப்போது மறையக் கூடாது என்பதுதான் மாணவரின் கேள்வி. ஏதோ ஒரு புத்தகம் என்றால் 'ஐ' இல்லாமல் வரலாம், பேசுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் தெரிந்த அந்தப் புத்தகம் என்றால் 'ஐ' வரும், குறிப்பிட்ட ஓர் ஆளைச் சொல்லும்போது எப்போதும் வரும்: "குமாரைப் பார்த்தேன்" என்றுதான் சொல்வோம், "குமார் பார்த்தேன்" என்று சொல்ல மாட்டோம். இதைப் பள்ளிப் புத்தகத்தில் தேடினால் கிடைப்பது கஷ்டம்.

மறைந்திருக்கும் செலவு, மாணவர் கலைச்சொற்களைக் கற்பதிலேயே தீர்ந்துபோவது. மூன்று மாதம் கழித்து அவருக்கு 'வினையெச்சம்' என்றால் என்னவென்று தெரியும், ஆட்டோக்காரரிடம் வழி கேட்கத் தெரியாது.

இது பொருந்தும் இடங்கள் இல்லாமல் இல்லை. பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூர் அரசுக் கல்லூரி போன்ற இடத்தில் தமிழைப் பாடமாக எடுக்கும் பிள்ளைகள், தேர்வு எழுதுபவர்கள், வலி மிகும் இடம் மிகா இடம் பார்த்து எழுத வேண்டிய மொழிபெயர்ப்பாளர்கள் ஆகியோருக்கு வேறு வழியில்லை, இதைத்தான் எடுக்க வேண்டும்.

## வழி இரண்டு: இலக்கணம் பேசாமல் பேச்சு

"டீ வேணுமா?" "வேணும்." "எத்தனை?" இப்படிச் சூழலை வைத்து வாக்கியங்களைப் பழக்குவது. கடை, பஸ், ஆஸ்பத்திரி, வீட்டு வாடகை என்று ஒவ்வொரு வாரமும் ஒரு இடம். தயாரிப்பு குறைவு, வகுப்பு கலகலப்பாக இருக்கும், மாணவர் முதல் நாளே வாய் திறப்பார். வாளையார் எல்லை தாண்டிச் சரக்கு கொண்டுபோகும் டிரைவருக்கும் சந்தையில் காய் வாங்கி விற்பவருக்கும் இது போதும். சின்னப் பிள்ளைகளுக்கும் இதுதான். அவர்களிடம் இலக்கணம் பேசினால் ஓடிவிடுவார்கள்.

பெரியவர்கள் விஷயத்தில்தான் சிக்கல். அவர்கள் தங்கள் தாய்மொழி வார்ப்பிலேயே தமிழை ஊற்றுகிறார்கள், நாமும் புரிந்துகொண்டு தலையாட்டிவிடுகிறோம். எல்லையோரத்துத் தமிழருக்கு மலையாளம் நன்றாகத் தெரியும் என்பதே இங்கே பாதகம். "அவர் நாளைக்கு வரும்" என்று மாணவர் சொன்னால் நமக்கு உறுத்தாது, ஏனென்றால் எந்த அச்சில் அது வந்தது என்று நமக்குத் தெரியும். கோயம்புத்தூரில் இருப்பவர் காதில் அது பஸ்ஸையோ மழையையோ சொல்வதுபோல் விழும்.

இரண்டாவது செலவும் உண்டு. இலக்கணம் பேசாத வகுப்பில் மாணவருக்கு மாதிரி நீங்கள் ஒருவர்தான். உங்கள் பேச்சு அப்படியே அவர் பேச்சாகிவிடும். எல்லைத் தமிழில் மலையாளக் கலப்பு இருக்கும், வாக்கிய முடிவில் "ஆக்கும்" போடும் பழக்கம் சில வீடுகளில் இருக்கும். அதில் கேவலம் ஒன்றும் இல்லை, அது நம் பேச்சு. ஆனால் சென்னைக்குப் போகிறவர் இந்தப் பேச்சை எடுத்துக்கொண்டு போனால் நாலு பேர் சிரிப்பார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நேர்மாறாக, கோவைக்குப் போகிறவருக்குக் கொங்குத் தமிழின் "ஆமாங்க, இல்லீங்க, சொல்லுங்க" தங்கம். அந்த 'ங்க' ஒன்றை ஒழுங்காகப் போட்டாலே பாதி மரியாதை கிடைத்துவிடும்.

## வழி மூன்று: மாணவரின் மொழியை அருகில் வைத்து

என் ஓட்டு இதற்குத்தான், அதிலும் மலையாளி மாணவர் என்றால் யோசிக்கவே தேவையில்லை. எல்லையில் வாழும் இருமொழிக்காரருக்கு இருக்கும் பெரிய சொத்து இது. சென்னையில் இருக்கும் தமிழாசிரியருக்கு எவ்வளவு படிப்பு இருந்தாலும் இந்தச் சொத்து கிடையாது.

முறை எளிது. மாணவர் மொழியில் ஏற்கெனவே இருப்பதைக் கற்பிக்காமல் விட்டுவிடுவது, இல்லாததை மட்டும் அழுத்திப் பிடிப்பது.

மலையாளிக்கு விட்டுவிட வேண்டியவை நிறைய. நாம், நாங்கள் வேறுபாடு மலையாளத்திலும் இருக்கிறது. அதை அரை நிமிடத்தில் தாண்டலாம். ஆங்கிலம் பேசுகிறவருக்கு இதே விஷயம் ஒரு முழு வகுப்பு. "எனக்குத் தெரியும்" என்று 'கு' போட்டுப் பேசுவது மலையாளியைக் குழப்பாது. "உடைகிறது, உடைக்கிறான்", "எரிகிறது, எரிக்கிறான்", "சேர்கிறது, சேர்க்கிறான்" என்ற ஜோடிகளும் அப்படியே. தானாக நடப்பதற்கும் ஒருவர் நடத்துவதற்கும் இடையிலான அந்த 'க்' விளையாட்டு அவர் மொழியிலும் உண்டு.

இல்லாதது என்றால், முதல் இடம் வினைமுற்றின் விகுதிக்கு. மலையாளத்தில் ஞான் வன்னு, அவன் வன்னு, அவள் வன்னு, எல்லாம் ஒரே 'வன்னு'. யார் வந்தார் என்பதை வினை சொல்வதில்லை. எனவே புதிதாகப் பேசும் மலையாளி "நான் வந்து" என்று நிறுத்துவார். நமக்கோ "வந்து" என்றால் வாக்கியம் முடியவில்லை. வந்து என்ன செய்தார் என்று காத்துக்கொண்டிருப்போம். அவர் பேசி முடித்துவிட்டார், நாம் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

இங்கே ஒரு நல்ல குறுக்குவழி கிடைக்கிறது. மலையாள இறந்தகால வடிவத்தோடு ஏன், ஆன், ஆள், ஆங்க சேர்த்தால் பெரும்பாலும் பேச்சுத் தமிழ் வந்துவிடும். படிச்சு என்பது படிச்சேன். அடிச்சு என்பது அடிச்சான். கேட்டு என்பது கேட்டாள். எடுத்து என்பது எடுத்தாங்க. மலையாளத்தில் 'ன்ன' வரும் இடத்தில் பல சொற்களில் 'ந்த' போட வேண்டும்: வன்னு வந்தேன் ஆகும், இருன்னு இருந்தேன் ஆகும், நடன்னு நடந்தேன் ஆகும். பாடி, ஓடி என்று 'இ' யில் முடிந்தால் பாடினேன், ஓடினேன். மற்ற மொழிக்காரர்கள் மாதக்கணக்கில் மனப்பாடம் செய்யும் இறந்தகால வடிவங்களை மலையாளி கையில் வைத்துக்கொண்டுதான் வகுப்புக்கு வருகிறார். இன்னொன்றையும் கவனியுங்கள்: படிச்சு என்பது படிச்சேனுக்கு ஒரு அடி தூரம், படித்தேனுக்கு இரண்டு அடி. மலையாளிக்குப் பேச்சுத் தமிழ்தான் முதல் படி, எழுத்துத் தமிழ் அடுத்த படி. பள்ளிப் புத்தகம் இதைத் தலைகீழாக்கிவிடுகிறது.

இரண்டாம் இடம் எதிர்மறைக்கு. மலையாளத்தில் 'வன்னில்ல' என்றால் வரவில்லை, 'வரில்ல' என்றால் வரமாட்டார். பேச்சுத் தமிழின் 'வரலை' காதுக்கு 'வரில்ல' மாதிரியே இருக்கும், ஆனால் பொருள் வேறு பக்கம் போகும். இன்று டாக்டர் வரவே மாட்டார் என்று சொல்ல நினைத்து "டாக்டர் வரலை" என்று நர்ஸ் சொன்னால், இன்னும் வரவில்லை போல, வருவார் என்று நோயாளி பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பார். 'வரமாட்டார்' என்ற வடிவத்தை முதல் வாரத்திலேயே பழக்கிவிடுங்கள். 'வரும்' என்பதும் இதே வகை. மலையாளத்தில் எல்லோருக்கும் 'வரும்', தமிழில் அஃறிணைக்கு மட்டும்.

மூன்றாவது மரியாதை. மலையாளத்தில் பெரியவரை 'நிங்ஙள்' என்று அழைப்பது கொஞ்சம் வெட்டினாற்போல் இருக்கும். சார், சேட்டன், சேச்சி என்று முறை சொல்லித் தப்பித்துக்கொள்வார்கள். தமிழ் 'நீங்கள்' அப்படியல்ல, தாராளமாக மரியாதைச் சொல். இதைச் சொல்லித்தராவிட்டால் மாணவர் 'நீங்கள்' போடத் தயங்கி, ஒவ்வொரு வாக்கியத்திலும் "சார் சாப்பிட்டாச்சா, சார் போறாரா" என்று சாரிடமே சாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்.

நான்காவதாக 'ஆணு'. "ஞான் டீச்சர் ஆணு" என்பது தமிழில் "நான் டீச்சர்", அவ்வளவுதான். இதைத் திருத்துவது சுலபம், ஒரு வாரத்தில் போய்விடும்.

ஆந்திர எல்லையில் இருப்பவர்களுக்குக் கணக்கு மாறும். தெலுங்கில் வினைக்கு விகுதி உண்டு, ஆகவே 'நான் வந்து' பிரச்சினை இல்லை. ஆனால் ஒருமையில் பெண்ணுக்கும் அஃறிணைக்கும் அங்கே ஒரே விகுதி. அதனால் நகரி, புத்தூர்ப் பக்கத்து மாணவர் "அக்கா வந்தது" என்பார். அவரிடம் நீங்கள் பழக்க வேண்டியது ஆன், ஆள், அது என்ற மூன்றின் பிரிவை. மலையாளிக்கான பாடத்திட்டத்தைத் தெலுங்கருக்குத் தூக்கிக் கொடுத்தால் பாதி வீண்.

செலவு என்ன? முதலில், இது உங்கள் மூளையைக் கேட்கும். ஒவ்வொரு பிழையையும் கேட்டவுடன் அது எந்த அச்சிலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒரு நோட்டில் மாணவர் செய்யும் பிழைகளை அப்படியே எழுதிவைத்தால் சில மாதங்களில் உங்களுக்கே ஒரு புத்தகம் தயார். இரண்டாவது, வகுப்பு முழுக்க மலையாளத்திலேயே நடந்துவிடும் ஆபத்து. விளக்கம் இனிக்கிறது என்பதற்காக விளக்கிக்கொண்டே போனால் மாணவர் தமிழ் பேச நேரம் இருக்காது. மூன்றாவது, எல்லாச் சொல்லும் பொது என்ற மிதப்பு அவருக்கு வந்துவிடும். பொள்ளாச்சி ஹோட்டலில் தண்ணீருக்கு "வெள்ளம் வேணும்" என்று கேட்டு நிற்பார். இலக்கணத்துக்கு ஒப்பீடு போதும், சொற்களைத் தனியாகப் பழக்க வேண்டும்.

## வழி நான்கு: வெளியார் எழுதிய இலக்கணம்

தமிழைப் பிறமொழிக்காரர்கள் கற்று, தங்களைப் போன்றவர்களுக்காக எழுதிவைத்த இலக்கண மரபு ஒன்று தனியாக இருக்கிறது. வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டிலேயே இலத்தீனில் செந்தமிழுக்கு ஒன்று, பேச்சுத் தமிழுக்கு ஒன்று என்று தனித்தனியாக எழுதினார். எழுதுவது வேறு, பேசுவது வேறு என்பதை வெளியிலிருந்து வந்தவர் அன்றே பிரித்துக் காட்டியிருக்கிறார்.

இந்த மரபின் பெரிய கொடை வினைகளை வகை பிரித்தது. செய்கிறேன், செய்தேன், செய்வேன் ஒரு வகை. படிக்கிறேன், படித்தேன், படிப்பேன் இன்னொன்று. நடக்கிறேன், நடந்தேன், நடப்பேன் இரண்டுக்கும் நடுவில். ஒரு புதிய வினை வந்தால் அது எந்த வகை என்று தெரிந்தால் போதும், மற்ற வடிவங்கள் பெரும்பாலும் தானாக வரும். தமிழுக்கு நெருங்கிய ஒரு மொழியும் துணைக்கு இல்லாமல் வரும் ஜெர்மானியருக்கோ அமெரிக்கருக்கோ இதைவிட நல்ல ஏணி கிடையாது. அவர்கள் அட்டவணைக்கு அஞ்சுவதும் இல்லை, பலர் அட்டவணையைத்தான் கேட்டு வாங்குகிறார்கள்.

செலவு உங்கள் பக்கம் அதிகம். வகைகளை முதலில் நீங்கள் கற்க வேண்டும். உங்கள் வாயில் சரளமாக வரும் மொழியை மாணவரைப் போல உட்கார்ந்து படிப்பது கொஞ்சம் வினோதமாகத்தான் இருக்கும். பழைய நூல்களில் உள்ள உதாரணங்கள் இன்று யாரும் பேசாதவை என்பதால் வாக்கியங்களை நீங்களே எழுதிக்கொள்ள வேண்டும். ஆரம்ப வாரங்களில் மாணவர் பேச்சு மெதுவாகத்தான் வரும். மலையாளிக்கு இந்த வழி வேண்டவே வேண்டாம், அவருக்குத் தெரிந்ததையே அட்டவணை போட்டுக் காட்டுவீர்கள்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | பள்ளி இலக்கணம் | பேச்சு மட்டும் | மாணவர் மொழியோடு | வினை வகை அட்டவணை |
|---|---|---|---|---|
| "ஏன்?" என்பதற்குப் பதில் | பெயர் சொல்லும், காரணம் குறைவு | இல்லை | நன்றாக உண்டு | உண்டு |
| வாய் திறக்கும் வேகம் | மெதுவு | முதல் நாளே | முதல் வாரம் | கொஞ்சம் தாமதம் |
| வாசிப்பு, தேர்வு | சிறப்பு | உதவாது | பிறகு சேர்க்க வேண்டும் | நடுத்தரம் |
| ஆசிரியர் உழைப்பு | புத்தகம் சுமக்கும் | குறைவு | அதிகம், நாளாக நாளாகக் குறையும் | தொடக்கத்தில் மிக அதிகம் |
| தங்கிவிடும் பிழை | குறைவு, பேச்சும் குறைவு | அதிகம் | குறைவு | குறைவு |
| யாருக்கு | தேர்வு எழுதுவோர் | வியாபாரி, டிரைவர், குழந்தைகள் | மலையாளி, தெலுங்கர் | வெளிநாட்டார் |

## கலந்து நடத்துவது என்றால்

நடைமுறையில் யாரும் ஒரே வழியில் நிற்பதில்லை, நிற்கவும் வேண்டாம். ஆனால் எல்லாவற்றையும் ஒரே வகுப்பில் கலக்காதீர்கள். மலையாளி நர்ஸுக்கு முதல் மாதம் மூன்றாவது வழி: விகுதி, வரமாட்டார், நீங்கள். அப்புறம் இரண்டாவது வழியில் ஆஸ்பத்திரிச் சூழல்கள், அப்போது பிழைகளை விடாமல் பிடிக்கலாம், ஏனென்றால் காரணம் அவருக்கு ஏற்கெனவே தெரியும். வெளிநாட்டு மாணவருக்கு நான்காவதும் இரண்டாவதும் பாதிப் பாதி, வகுப்பின் முற்பகுதியில் அட்டவணை, பிற்பகுதியில் அதே வினைகளை வைத்து அரட்டை. இரண்டு பேரையும் ஒரே குழுவில் உட்காரவைக்காதீர்கள். கட்டணம் கூடுதலாகக் கிடைக்கும் என்று ஆசைதான் வரும், ஆனால் ஒருவருக்குத் தூக்கம் வரும்போது இன்னொருவருக்குத் தலை சுற்றும்.

தேர்வு எழுதுகிறவராக இருந்தாலும் பள்ளி இலக்கணத்தைப் பேச்சு வந்த பிறகு தொடங்குவது நல்லது. படிச்சேன் வாயில் நின்றவருக்குப் படித்தேன் என்பது ஒரு சின்ன மாற்றம். ஒன்றும் தெரியாதவருக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் இரண்டும் நிற்காது.

எழுத்து எப்போது? மலையாளிக்குச் சீக்கிரமே கொடுக்கலாம், பல எழுத்துகளின் சாயல் அவருக்குப் பழகியதுதான். அவர் தடுமாறுவது வேறு இடத்தில்: மலையாளத்தில் க, க்க, ங்க வகையில் ஒவ்வொரு ஒலிக்கும் தனி எழுத்து பார்த்துப் பழகியவர், தமிழில் ஒரே 'க' வை வைத்துக்கொண்டு காகம், பக்கம், தங்கம் மூன்றையும் மூன்று விதமாக வாசிக்க வேண்டும். சொல்லின் தொடக்கத்திலும் இரட்டிக்கும்போதும் அழுத்தம், மெல்லினத்துக்குப் பின் மென்மை, நடுவில் தனியாக வந்தால் இன்னும் தளர்வு என்ற மூன்று வரியை அவர் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொடுத்துவிட்டு, பஸ் போர்டு, கடைப் பலகை, கல்யாணப் பத்திரிகை என்று கிடைப்பதையெல்லாம் வாசிக்கச் சொல்லுங்கள். பாடநூல் வாசிப்புக்கு அவசரம் இல்லை.